இந்த எம்.பி.ஏ. வேற! வேலையை விட்டு நாடகம் படிக்க உண்மையில் எவ்வளவு செலவாகும்?



"வேலையை விட்டுட்டு எம்.பி.ஏ. படிக்கப் போறேன்" என்று வீட்டில் சொல்லிப் பாருங்க. "எந்த காலேஜ்? மார்க்கெட்டிங்கா, ஃபைனான்ஸா?" என்று சந்தோஷமா கேட்பாங்க. "இல்லப்பா, இது நாடகம்" என்று அடுத்த வரியைச் சொன்னதும் வீடு அமைதியாகிடும்.

புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நாடகக் கலைக்கு இருக்கிற முதுகலைப் பட்டமும் எம்.பி.ஏ. தான். நிகழ்கலையில் முதுகலை என்று அர்த்தம். தமிழில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே மூன்று எழுத்து. ஆனா பணக் கணக்கில் இரண்டும் வேற வேற. அந்தக் கணக்கைத்தான் இன்னைக்கு முழுசா போட்டுப் பார்க்கப் போறோம்.

ஒன்று மட்டும் முதல்லயே சொல்லிடறேன். "ஆசைப்பட்டதைப் படிங்க, பணம் தானா வரும்" என்று இந்தக் கட்டுரை சொல்லாது. "நாடகம் சோறு போடாது, பேசாம வேலையைப் பாருங்க" என்றும் சொல்லாது. இந்த ஆசைக்கு ஒரு விலை இருக்கு. அது எவ்வளவு, அதைக் கட்டப் போறது யார் என்று தெரிஞ்சுகிட்டு முடிவெடுங்க. அவ்வளவுதான்.

முதலில், நம்ம ஊர்லயே இது இருக்கு

வில்லியனூர், பாகூர் பக்கத்துல இருந்து சேதராப்பட்டுக்கோ திருபுவனைக்கோ தினமும் ஷிஃப்டுக்குப் போய் வர்ற பலருக்கு இது தெரியாது. தமிழ் நாடகத்தை முதுகலை அளவில் படிக்க டெல்லி, மும்பை போகத் தேவையில்லை. காலாப்பட்டு போதும்.

அங்கே இருக்கிற நாடகப் பள்ளி சங்கரதாஸ் சுவாமிகள் பேரில் அமைஞ்சது. தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் 1867-ல் பிறந்த சுவாமிகள், 1922 நவம்பர் 13-ல் காலமானது புதுச்சேரியில்தான். அதனால இந்தப் பேர் இந்த ஊருக்கு ரொம்பப் பொருத்தம். எழுத்தாளர் இந்திரா பார்த்தசாரதி, கே.ஏ.குணசேகரன் போன்றவங்க பொறுப்பில் இருந்து நடத்திய பள்ளி அது. இது மத்தியப் பல்கலைக்கழகம் என்பதால், முதுகலைச் சேர்க்கை சியூஇடி பிஜி நுழைவுத் தேர்வு வழியா நடக்குது.

தென்னிந்தியாவில் நாடகத்துக்கென்று துறை வைத்திருக்கும் பெரிய இடங்கள் கொஞ்சம்தான்: புதுச்சேரி, தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகம், ஐதராபாத் பல்கலைக்கழகம், திருச்சூரில் உள்ள காலிகட் பல்கலைக்கழக நாடகப் பள்ளி. டெல்லியில் 1959-ல் தொடங்கிய தேசிய நாடகப் பள்ளி தனி ரகம். அங்கே மூன்று வருடப் படிப்பு, படிக்கும்போதே மாதாமாதம் உதவித்தொகை தருவாங்க. ஆனா போட்டி கடுமை.

இந்தப் பட்டியலை மனசுல வச்சுக்கோங்க. படிக்கிற இடம் கம்மி என்றால், பிறகு அதே துறையில் ஆசிரியர் வேலை கிடைக்கிற இடமும் கம்மி. அதைப் பிறகு பார்ப்போம்.

நீங்க தேடுற எண் கட்டணம் இல்லை

இந்தப் படிப்பைப் பற்றி யோசிக்கிற எல்லாரும் முதல்ல கட்டணத்தைத்தான் தேடுவாங்க. மத்தியப் பல்கலைக்கழகக் கட்டணம் தனியார் கல்லூரியை விட ரொம்பக் குறைவு. அதைப் பார்த்ததும் "அட, இவ்வளவுதானா!" என்று நிம்மதியாகிடுவோம். அந்த நிம்மதி சீக்கிரம் வந்துடுது.

ஒரு கணக்குப் போடுவோம். இது உதாரணம்தான், உங்க எண்களை நீங்க போட்டுக்கோங்க.

நீங்க வில்லியனூர்ல அப்பா அம்மாவோட இருக்கீங்க. கைக்கு வர்ற சம்பளம் மாதம் ₹28,000. அடிப்படைச் சம்பளம் ₹15,000. பி.எஃப்.க்கு உங்க பங்கு ₹1,800, கம்பெனி பங்கு ₹1,800. வருடத்துக்கு 5% சம்பள உயர்வு.

வேலையை விட்டால் இரண்டு வருடத்தில் வராமல் போவது:

- முதல் வருடச் சம்பளம்: ₹3,36,000
- இரண்டாம் வருடச் சம்பளம், உயர்வோடு: ₹3,52,800
- பி.எஃப்.ல சேராமல் போவது, மாதம் ₹3,600 வீதம்: ₹86,400
- மொத்தம்: ₹7,75,200

இதோட கட்டணம், புத்தகம், நாடகத் தயாரிப்பில் கைக்காசு எல்லாம் சேர்த்து இரண்டு வருடத்துக்கு ₹40,000 என்று வச்சுக்குவோம். சரியான கட்டணத்தைச் சேரும் வருடத்தில் பல்கலைக்கழக இணையதளத்தில் பார்த்துக்கோங்க.

ஆக மொத்த விலை ₹8,15,200. இதுல கட்டணம் 5% கூட இல்லை. மீதி 95 சதவீதத்துக்கு யாரும் ரசீது தர மாட்டாங்க, ஏன்னா அது நீங்க வாங்காமல் விட்ட சம்பளம். கண்ணுக்குத் தெரியாததால கணக்கிலும் வராது. இரண்டாம் வருடம் நடுவுல கை காலியாகும்போதுதான் தெரியும்.

(சாப்பாட்டுச் செலவை ஏன் சேர்க்கலை என்று கேட்கலாம். வேலைக்குப் போனாலும் சாப்பிடத்தான் போறீங்க. அதனால அது படிப்போட விலையில் வராது. ஆனா கையில் ரொக்கம் வேணுமே, அது அடுத்த பகுதியில்.)

இது முதலீடா?

நேர்மையா பார்ப்போம். முதலீடு என்றால் போட்ட பணம் வளர்ந்து திரும்பி வரணும்.

நல்லபடியா நடக்கிற ஒரு வழியை எடுத்துக்குவோம். படிப்பு முடிச்சு யுஜிசி நெட் எழுதறீங்க. நிகழ்த்து கலைகளில் நாடகத்துக்கும் தாள் உண்டு. ஜே.ஆர்.எஃப். கிடைச்சு முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தால் முதல் இரண்டு வருடம் மாதம் ₹37,000, அதுக்கு அப்புறம் ₹42,000. ஐந்து வருடம் முழுசா வாங்கினால் ₹24 லட்சம். கேட்க நல்லா இருக்கு இல்லையா?

இப்போ எதிர்ப்பக்கம் பாருங்க. வேலையிலேயே இருந்திருந்தால் அந்த நேரம் உங்க சம்பளம் சுமார் ₹30,870 ஆகியிருக்கும். ₹37,000-க்கும் அதுக்கும் வித்தியாசம் ₹6,130. இந்த வித்தியாசத்தை வச்சு ₹8,15,200-ஐ ஈடு கட்ட 133 மாதம் ஆகும், அதாவது 11 வருடம். ஃபெலோஷிப்போ 5 வருடம்தான். நடுவுல ₹42,000 ஆகுதே என்றால், இந்தப் பக்கம் வேலையிலும் சம்பளம் ஏறிகிட்டுதானே இருக்கும்.

உதவிப் பேராசிரியர் வேலை கிடைச்சால் கதை வேற. அடிப்படைச் சம்பளமே ₹57,700-ல் தொடங்குது, சில வருடத்தில் போட்டதை எடுத்துடலாம். ஆனா மேலே பார்த்த பட்டியலை நினைச்சுக்கோங்க. துறைகளே விரல் விட்டு எண்ணுற அளவுக்குத்தான் இருக்கு. அந்த நாற்காலி காலியாகும் நாளை நம்பி வீட்டுக் கணக்கைப் போட முடியாது.

அதனால நான் சொல்ல வர்றது இதுதான்: நாடக முதுகலையை முதலீடு என்று சொல்லாதீங்க. அது நீங்க வாங்கப் போற ஒரு பொருள். விலை சுமார் ₹8 லட்சம்.

இது கெட்ட வார்த்தை இல்லை. நாம வாங்குற எல்லாமே லாபத்துக்கா? கல்யாணத்துக்கு ₹8 லட்சம் செலவு பண்ணும்போது எத்தனை வருடத்தில் திரும்பி வரும் என்று யாரும் கேட்கறதில்லை. இரண்டு வருடம் முழுசா ஒரு கலையைக் கத்துக்கிட்டு, உடம்பையும் குரலையும் பழக்கி, மேடையில் நிற்கறது ₹8 லட்சத்துக்கு மேலேயே மதிப்பு என்று உங்களுக்குத் தோணலாம். அது உங்க உரிமை. ஆனா வாங்குற பொருளுக்கு இரண்டு விதி உண்டு. கடனில் வாங்கக் கூடாது. அடுத்தவங்க தலையில் கட்டக் கூடாது.

முதலீடு என்று பேர் வச்சதால்தான் இந்த இரண்டு விதியையும் மீறறோம். "எப்படியும் திரும்பி வந்துடுமே" என்ற நினைப்பில் கடன் வாங்கறோம், அம்மா நகையை அடகு வைக்கறோம்.

கையில் எவ்வளவு ரொக்கம் வேணும்?

அதே உதாரணம். வீட்டுக்குக் கொடுக்கறது மாதம் ₹8,000. பேருந்து, பெட்ரோல், சாப்பாடு, போன் ₹5,000. மருத்துவக் காப்பீட்டுக்கு ₹1,000. மொத்தம் ₹14,000.

வில்லியனூர்ல இருந்து புதுச்சேரி பேருந்து நிலையம் சுமார் 10 கி.மீ. அங்கிருந்து காலாப்பட்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் இன்னும் 10 கி.மீ.க்கு மேலே. காலையில் இரண்டு பேருந்து மாறிப் போயிடலாம். ஆனா நாடகப் படிப்பு மதியத்தோட முடியற வகுப்பு இல்லை. தயாரிப்பு நடக்கிற மாதங்களில் ஒத்திகை ராத்திரி வரை போகும். கடைசிப் பேருந்து போன பிறகு வீடு வரணும் என்றால் பெட்ரோல் செலவு வரும், இல்லைன்னா விடுதிச் செலவு வரும். "படிச்சுகிட்டே பகுதிநேர வேலை பார்த்துக்கலாம்" என்று நினைக்கிறவங்களுக்கும் இதுதான் பதில். சாயங்கால நேரம் உங்க கையில் இருக்காது.

எத்தனை மாதத்துக்குப் பணம் வேணும்? 24 என்று சொல்வீங்க. 30 என்று போடுங்க. படிப்பு முடிஞ்ச மறுநாளே வருமானம் வராது, அதுக்கு ஆறு மாதம்.

- ₹14,000 × 30 மாதம்: ₹4,20,000
- கட்டணம், இதர செலவு: ₹40,000
- தேவையான ரொக்கம்: ₹4,60,000

பைக் இ.எம்.ஐ. மாதம் ₹3,500 ஓடுதா? இதோட ₹1,05,000 கூடுதலா வேணும். அதனால முதல்ல பைக் கடனை முடிங்க.

சேர்க்கறது எப்படி?

கைக்கு ₹28,000 வருது, செலவு ₹14,000. மாதம் ₹12,000 ஆர்.டி.ல போட முடியும், ₹2,000 கைச்செலவுக்கு மிஞ்சும். 36 மாதம் போட்டால் நீங்க கட்டினது ₹4,32,000. வட்டி 6.5% என்று வைத்தால் முடிவில் சுமார் ₹4,75,000. தேவையான தொகை வந்துடுச்சு.

பங்குச் சந்தை ஃபண்டில் போடலாமா என்று கேட்பீங்க. மூன்று வருடத்தில் கட்டாயம் வேணும், தேதியைத் தள்ளிப் போட முடியாது என்ற பணத்தை அங்கே போடாதீங்க. சேர்க்கை நடக்கிற மாதத்தில் சந்தை 20% இறங்கியிருந்தால், உங்க முதல் செமஸ்டரே அதோட போயிடும்.

"மூன்று வருடமா? அதுக்குள்ள வயசாயிடுமே!" என்ற கவலை நியாயமானது. இங்கே ஒரு தேதியை மட்டும் கவனிங்க. நெட் தேர்வில் உதவிப் பேராசிரியர் தகுதிக்கு வயது வரம்பு இல்லை. ஜே.ஆர்.எஃப்.புக்கு 30 வயது வரம்பு உண்டு. பெண்கள், எஸ்.சி., எஸ்.டி., கிரீமி லேயரில் வராத ஓ.பி.சி., மாற்றுத்திறனாளிகளுக்கு 5 வருடத் தளர்வு. ஆராய்ச்சி வழியில் போறதுதான் உங்க திட்டம் என்றால், உங்க வயதோட 3 வருடச் சேமிப்பையும் 2 வருடப் படிப்பையும் கூட்டிப் பாருங்க.

அந்த மூன்று வருடமும் வீணான காத்திருப்பு இல்லை. அதுதான் உங்க ஒத்திகை. ஒரு பக்கம் மாதம் ₹14,000-ல் வாழ முடியுதா என்று பழகிப் பார்க்கறீங்க. இன்னொரு பக்கம் சனி, ஞாயிறுல நாடகம் பண்ணிப் பார்க்கறீங்க. வீணாபாணி சாவ்லா தொடங்கி, 1993-ல் புதுச்சேரிக்கு இடம் மாறி வந்த ஆதிசக்தி குழு, ஆரோவில் பக்கம் குறுகிய காலப் பயிற்சி முகாம்கள் நடத்துது. நகரத்தில் இந்தியநாஸ்ட்ரம் குழு இருக்கு. பத்து நாள் லீவு போட்டு ஒரு முகாம், வருடத்துக்கு ஒரு நாடகம் என்று இருந்து பாருங்க. மூன்று வருடம் கழிச்சும் அதே பசி இருந்தால் போங்க. பசி அடங்கிடுச்சா? கையில் ₹4,75,000 இருக்கும். இரண்டு பக்கமும் நஷ்டம் இல்லாத ஏற்பாடு இது.

செய்யவே கூடாத ஒன்று

வேலையை விடப் போற கடைசி மாதங்களில், சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே பர்சனல் லோன் எடுத்து வச்சுக்கலாம் என்று ஒரு யோசனை நண்பர்கள் மத்தியில் சுத்துது. சம்பளம் நின்ன பிறகு வங்கி தராதே, அதனால இப்பவே வாங்கிடு என்பாங்க.

₹3 லட்சம், 15% வட்டி, 5 வருடம். மாதத் தவணை சுமார் ₹7,140. மொத்தம் கட்டுவது சுமார் ₹4,28,000. இதுல ஆபத்தானது வட்டி மட்டும் இல்லை, தவணை எப்போ தொடங்குது என்பதுதான். அடுத்த மாதமே தொடங்கும், அதாவது உங்களுக்குச் சம்பளம் இல்லாத முதல் மாதம். கடன் வாங்கின பணத்திலேயே கடனை அடைப்பீங்க.

கல்விக் கடன் இதை விட நல்லது. படிக்கும் காலத்திலும், அதுக்கு அப்புறம் ஒரு வருடமும் பொதுவா தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனா அது படிப்புச் செலவுக்குத்தான் தருவாங்க, நீங்க வீட்டுக்குக் கொடுக்கிற ₹8,000-க்கு இல்லை. கட்டணமே குறைவான படிப்புக்கு அதனால பெரிய பிரச்சினை தீராது. அந்த வட்டிக்கு வரிவிலக்கு உண்டே என்றால், அது பழைய வரி முறையில் மட்டும்தான்.

ராஜினாமா கடிதத்துக்கு முன்னாடி நான்கு வேலை

ஒன்று, கிராஜுவிட்டி. பொதுவா 5 வருடம் தொடர்ச்சியா வேலை பார்த்திருக்கணும். அடிப்படைச் சம்பளம் ₹15,000 என்றால் 15,000 × 15 ÷ 26 × 5 = சுமார் ₹43,000. நாலரை வருடத்தில் இருக்கீங்க என்றால், சேர்க்கைத் தேதி அனுமதிச்சா ஐந்து வருடத்தை முடிச்சுட்டு வாங்க. அந்தத் தொகையை அப்படியே அவசர நிதியா தனியா வையுங்க. மேலே சேர்த்த ₹4,60,000 படிப்புக்கு. அது அவசர நிதி இல்லை.

இரண்டு, பி.எஃப். எடுக்காதீங்க. ஐந்து வருடத் தொடர் சேவை முடியாமல் எடுத்தால் வரி வரும். வேலையை விட்டாலும் உள்ள இருக்கிற பணத்துக்கு வட்டி சேரும். ஓய்வூதியத்துக்கு 10 வருடச் சேவைக் கணக்கு வேணும், நாளைக்குத் திரும்ப வேலைக்குப் போனால் இந்த வருடங்களும் அதில் சேரும்.

மூன்று, மருத்துவக் காப்பீடு. கம்பெனி பாலிசி கடைசி வேலை நாளோட நின்னுடும். அப்பா அம்மாவும் அதில் இருந்தாங்கன்னா அவங்களுக்கும் நின்னுடும். இளைஞருக்குத் தனி பாலிசி விலை குறைவு. 55 வயது அப்பாவுக்கு அப்படி இல்லை, ஏற்கெனவே இருக்கிற நோய்களுக்கு 3 வருடம் வரை காத்திருப்புக் காலமும் வரலாம். அதனால வேலையில் இருக்கும்போதே தனி பாலிசி எடுங்க. கம்பெனி பாலிசியிலிருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனி பாலிசிக்கு மாற முடியுமா என்றும் கேளுங்க. மேலே போட்ட ₹1,000 உங்களுக்கு மட்டும். பெற்றோரோட பிரீமியத்தைத் தனியா சேர்க்கணும்.

நான்கு, லீவு. சம்பளம் இல்லாத நீண்ட விடுப்பு தருவாங்களா என்று ஹெச்.ஆர்.ல ஒரு தடவை கேளுங்க. பெரும்பாலும் கிடையாது என்பாங்க. கேட்கறதுக்குக் காசில்லை.

படிச்ச பிறகு வருமானம் எப்படி வரும்?

நம்ம ஊர்ப் பழமொழி ஒன்று: கூத்தாடி கிழக்கே பார்ப்பான், கூலிக்காரன் மேற்கே பார்ப்பான். விடிஞ்சால் கூத்து முடியும், பொழுது சாய்ஞ்சால் கூலி வேலை முடியும். சம்பளக்காரங்க நாம இரண்டையும் பார்க்கறதில்லை, மாதக் கடைசியைப் பார்க்கறோம். நாடகத்துக்குப் போனால் அந்த மாதக் கடைசி என்ற ஒன்றே இருக்காது.

திரௌபதி அம்மன் கோயில் கூத்து பங்குனியில் தொடங்கி ஆடி வரை சூடா நடக்கும். மற்ற மாதங்களில் அந்தக் கலைஞர்கள் பலர் விவசாய வேலை, நெசவு என்று வேற பிழைப்பு பார்ப்பாங்க. சீசன் வருமானத்தை வருடம் முழுக்க நீட்டி வாழத் தெரிஞ்சவங்க அவங்க. நாடகம் படிச்சவங்களோட வாழ்க்கையும் பணத்தளவில் இதே மாதிரிதான்: பள்ளிகளில் நாடகப் பயிற்சி, பட்டறைகள், சினிமா, சீரியல், ஒளி அமைப்பு, மேடை நிர்வாகம், நிறுவனங்களில் பேச்சுப் பயிற்சி. ஒரு மாதம் ₹50,000 வரலாம், அடுத்த இரண்டு மாதம் ஒன்றுமே வராமலும் போகலாம்.

இதுக்கு ஒரு விதி: வர்ற பணம் எல்லாம் ஒரு கணக்கில் விழட்டும். அதிலிருந்து மாதம் ₹14,000 மட்டும் சம்பளம் மாதிரி இன்னொரு கணக்குக்கு மாத்துங்க. நல்ல மாதத்திலும் ₹14,000 தான். மீதி அங்கேயே கிடக்கட்டும், வறண்ட மாதத்துக்கு அதுதான் சோறு.

உதவித்தொகைகளும் இருக்கு. மத்தியக் கலாச்சார அமைச்சகம் 18 முதல் 25 வயது வரை உள்ள இளம் கலைஞர்களுக்கு மாதம் ₹5,000 வீதம் இரண்டு வருடம் தருது. 25 முதல் 40 வயது வரை உள்ளவங்களுக்கான ஜூனியர் ஃபெலோஷிப் மாதம் ₹10,000, அதுவும் இரண்டு வருடம். தொகையும் விதியும் மாறலாம், விண்ணப்பிக்கும் வருடம் சரிபாருங்க. கிடைச்சால் நல்லது, ஆனா பட்ஜெட்டில் அதை வரவா எழுதாதீங்க.

வேலையை விடாமலே முடியாதா?

முடியும். இதுக்குத் தமிழ் நாடக வரலாறே சாட்சி.

சங்கரதாஸ் சுவாமிகள் முதல்ல உப்புப் பண்டகசாலையில் கணக்கர். 24 வயதில் அதை விட்டுட்டு முழுசா நாடகத்துக்கு வந்தார். ஏறக்குறைய அதே காலத்தில், 1891-ல், சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார் பம்மல் சம்பந்த முதலியார். அவர் வேலையை விடலை. வக்கீலாகவும் பின்னாடி நீதிபதியாகவும் இருந்துகிட்டே எழுதினார், நடிச்சார். சுவாமிகளைத் தமிழ் நாடகத் தலைமை ஆசிரியர் என்கிறோம், முதலியாரைத் தமிழ் நாடகத் தந்தை என்கிறோம். இரண்டு வழியும் நாடகத்துக்கே போய்ச் சேர்ந்தது.

கே.பாலசந்தர் சென்னை ஏ.ஜி. ஆபீஸில் வேலை பார்த்துகிட்டே நாடகம் போட்டவர். விஜய் சேதுபதி, ந.முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறையில் கணக்காளரா இருந்தபடியே நடிகர்களைக் கவனிச்சவர். நாடகத்துக்கும் கணக்கு வேலைக்கும் ஏதோ பொருத்தம் இருக்கு போல!

ஒரு எச்சரிக்கை. இவங்க ஜெயிச்சவங்க, அதனால பேர் தெரியுது. இவங்களை வச்சு "நானும் ஜெயிப்பேன்" என்று கணக்குப் போடாதீங்க. வேலையோடவும் நாடகம் செய்ய முடியும் என்பதற்கு மட்டும் எடுத்துக்கோங்க. முழுநேரப் படிப்பு தரும் தொடர்ச்சியான பயிற்சியும், ஆசிரியர் வேலைக்கான தகுதியும் வார இறுதியில் கிடைக்காது. அந்த இரண்டும் வேணுமா, அல்லது மேடை போதுமா? மேடை போதும் என்றால் உங்களுக்கு ₹8 லட்சம் மிச்சம்.

முடிவெடுக்கும் முன் ஐந்து கேள்வி

1. என் எண்களை வச்சுப் போட்டால் மொத்த விலை எவ்வளவு?
2. 30 மாதச் செலவு ரொக்கமா இருக்கா? கடன் பாக்கி பூஜ்யமா?
3. நான் கொடுக்கிற பணம் நின்னால் வீட்டில் யாருக்கு என்ன நிற்கும்? தங்கச்சி ஃபீஸா, அப்பா மாத்திரையா?
4. எனக்கு வேண்டியது பட்டமா, பயிற்சியா, மேடையா?
5. இந்தப் பணம் ஒரு ரூபாய் கூடத் திரும்பி வராது என்று தெரிஞ்சாலும் போவேனா?

ஐந்தாவது கேள்விக்கு "ஆமா" என்று பதில் வந்து, இரண்டாவதுக்கும் "ஆமா" என்றால், தைரியமா சியூஇடி பிஜிக்கு விண்ணப்பிங்க. ஐந்தாவது மட்டும் "ஆமா" என்றால், நாளைக்கே ஒரு ஆர்.டி. தொடங்குங்க. மூன்று வருடம்தான். ஐந்தாவதுக்கு "இல்லை" என்றால் வருத்தப்படாதீங்க, ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்குப் போங்க.

அப்பா அம்மாகிட்ட பேசும்போது கனவை மட்டும் எடுத்துட்டுப் போகாதீங்க, இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி எடுத்துட்டுப் போங்க. "வீட்டுக்குக் கொடுக்கிற எட்டாயிரம் நிற்காதும்மா, முப்பது மாதத்துக்கு இதோ இருக்கு" என்று சொல்ற பிள்ளைகிட்ட, "நாடகமா?" என்ற கேள்வி அவ்வளவு கோபமா வராது.

இந்தக் கணக்கை உங்க சம்பளத்துக்குப் போட்டுப் பாருங்க, சந்தேகம் இருந்தால் கமெண்டில் கேளுங்க.